நடுவில் வைத்த தோல்

ஆம்பூர்
3 பிப்ரவரி 2025

திரு. காசிநாதன் அவர்களுக்கு,

வணக்கம். நாம் இருவரும் ஓராண்டுக்கு நேரில் சந்திக்கக் கூடாது, போனில் பேசக் கூடாது, எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் தனக்கு வர வேண்டும் என்று மத்தியஸ்தர் ஹஸன் சாஹிப் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கூட்டாளிகளுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று பலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. எழுத்தில் தங்களால் கத்த முடியாது.

தீர்ப்பின்படி ஆம்பூர் ஃபினிஷிங் யூனிட் என் பொறுப்பு. நாட்றம்பள்ளியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் யூனிட் தங்கள் பொறுப்பு. கடிதங்களைத் தோல் வண்டி ஓட்டும் ரஃபி அகமது கொண்டுவருவார். அவர் உறையைப் பிரித்துப் படிப்பதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதோடு சரி.

சண்டையின் காரணத்தை ஒருமுறை பதிவு செய்துவிடுகிறேன். செலக்ஷன் மேஜையில் நான் கழித்துப் போட்ட தோல்களைத் தாங்கள் நல்ல தோல்களுக்கு நடுவில் செருகிப் பண்டல் கட்டினீர்கள். மேலே நல்லது, கீழே நல்லது, நடுவில் மட்டும் முடிச்சும் தழும்பும். “எவன் நடுவுல பாக்கப் போறான்?” என்று கேட்டீர்கள். சரக்கு வாங்க வந்த பையர் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. நடுவில் கைவிட்டு ஒன்றை உருவினார். கிரேடு போட்ட கையெழுத்து என்னுடையது.

இப்படிக்கு,
நயீம் அகமது

நகல்: ஹஸன் சாஹிப்


நாட்றம்பள்ளி
10 பிப்ரவரி 2025

அன்புள்ள கூட்டாளி நயீம் அகமது அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய ‘தாங்கள்’ பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் என் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது இந்த மரியாதை எங்கே போயிருந்தது?

இங்கே தையல் பிரிவு நன்றாக நடக்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து வரும் பெண்கள் மட்டும் அடிக்கடி தாமதம். கேட்டால் ரயில் லேட் என்கிறார்கள். அவர்கள் வருவது பஸ்ஸில்.

என் அறைக்கு வேறு நாற்காலி வேண்டும். இப்போது இருப்பதில் உட்கார்ந்தால் கீழே இடது பக்கம் எதையோ கட்டித் தொங்கவிட்டது போல ஒரு கனம். முதுகும் சேர்ந்து வலிக்கிறது. குஷன் போட்டுப் பார்த்தேன், பிரயோஜனமில்லை.

நீங்கள் அனுப்பும் பிரவுன் தோலில் சாயம் கையில் ஒட்டுகிறது. தையல் பிரிவு முத்துமாரி அன்று கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். சாயங்காலம் வரை எல்லோரும் அவள் கன்னத்தையே பார்த்தோம். மார்ச் கடைசியில் புது பையரின் இன்ஸ்பெக்ஷன் இருப்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

காசிநாதன்

நகல்: ஹஸன் சாஹிப்


ஆம்பூர்
12 பிப்ரவரி 2025

திரு. காசிநாதன் அவர்களுக்கு,

சாயத்தைக் கவனிக்கிறேன். முத்துமாரியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

ஹஸன் சாஹிபுக்குப் போகும் நகல் இந்த இடத்தோடு முடிகிறது. இனி எழுதுவது உனக்கு மட்டும்.

டேய், பண்டல் கட்டுவது போலவே கடிதமும் எழுதுகிறாய். மேலே ரயில், கீழே சாயம், நடுவில் நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கலாம், பின்பக்கம் வலிக்கலாம். இடது பக்கம் மட்டும் தொங்குகிற கனத்தைத் தருகிற நாற்காலியை யாரும் இன்னும் செய்யவில்லை. அங்கே என்ன இருக்கிறது? ‘அந்த இடம்’ என்று எழுதாதே. விரை என்று எழுது. அறிவியல் வாத்தியார் தாண்டிப் போன பக்கத்தில் அந்த வார்த்தை இருந்தது, நாம் இருவரும் அதைத்தான் முதலில் படித்தோம்.

நயீம்


நாட்றம்பள்ளி
17 பிப்ரவரி 2025

நயீம்,

எழுத்தில் கேட்டதால் எழுத்தில் சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

இடது விரையில் கட்டி ஒன்று இருக்கிறது. கொண்டைக்கடலை அளவு. கல் போல இருக்கும், அழுத்தினாலும் வலிக்காது. ஆயுத பூஜை அன்று பேக்கிங் பிரிவுக்கும் நமக்கும் நடந்த மேட்சில் கோபி போட்ட பந்து அங்கே பட்டது உனக்கே தெரியும். நீதான் அம்பயர், சிரித்துக்கொண்டே ‘டெட் பால்’ என்றாய். அன்றைக்குத் தடவிப் பார்த்தபோதுதான் அது கையில் பட்டது. பந்து பட்ட வீக்கம், தானாக வடிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். வடியவில்லை. கொஞ்சம் ஜாஸ்தி ஆகியிருக்கலாம். நான் தினமும் அளந்து பார்ப்பவன் இல்லை.

வலி இல்லை என்பதை மறுபடி சொல்கிறேன். வலிக்காததற்கு எவனாவது டாக்டரிடம் போவானா? போனேன், முதுகுக்காகப் போனேன். பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கும் டாக்டர், “வேற இன்னா தொந்தரவு?” என்று கேட்டார். பசி கம்மி என்றேன். முதுகுக்கு மாத்திரையும் பசிக்கு டானிக்கும் கொடுத்தார். மற்றதை அவரிடம் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் நம் தையல் பிரிவுப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் தடுப்பு என்று இருந்தது ஒரு காலண்டர்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. இந்த நேரத்தில் அந்த இடத்தில் கோளாறு என்று ஒரு வார்த்தை கிளம்பினால் தேவகியின் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஸ்பெக்ஷன் முடியட்டும், பார்க்கலாம்.

இன்னொன்று. சட்டை உரசினால் மார்பு இரண்டும் எரிகிறது, லேசாகத் தடித்தும் இருக்கிறது. தேவகி வாங்கிய புது சோப்புப் பவுடர்தான் காரணம். அதை மாற்றச் சொல்லிவிட்டேன்.

காசி


ஆம்பூர்
19 பிப்ரவரி 2025

காசி,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன்.

பெண்களுக்கு ஹஸன் சாஹிபின் தீர்ப்பு பொருந்தாது என்பதால் தேவகியும் ஆஃப்ரீனும் தினமும் போனில் பேசுகிறார்கள். “அவுரு தூக்கத்துல கூட முதுகப் புடிச்சிக்கினுதான் இருக்காருக்கா” என்று தேவகி சொன்னதாக என் மனைவி சொன்னாள். நாற்காலியில் யாரும் தூங்குவதில்லை.

நான் சொல்லக் கூடாத ஒன்றை இப்போது எழுதப் போகிறேன். என் சாச்சா மகன், தம்பி தன்சீலை உனக்குத் தெரியும். பெங்களூரில் படித்தான், போன வருஷம் இறந்தான். நெஞ்சுச் சளி முற்றிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். நீயும் ஜனாஸாவுக்கு வந்தாய், தோள் கொடுத்தாய்.

அடக்கத்துக்கு முன் மய்யித்தைக் குளிப்பாட்டிய நால்வரில் நானும் ஒருவன். குளிப்பாட்டுகிறவன் உடம்பில் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் முறை. மேலே துணி போர்த்தியிருக்கும். கையில் துணி சுற்றிக்கொண்டு அதற்கு அடியில் கழுவ வேண்டும். கண் எதையும் பார்க்காது. ஆனால் இந்தக் கை இத்தனை வருஷமாக ஃபினிஷிங்குக்கு அடியில் இருக்கும் முடிச்சைத் தடவியே கண்டுபிடிக்கிற கை. துணி சுற்றியதால் அதற்கு ஒன்றும் தெரியாமல் போய்விடவில்லை. ஒரு பக்கம் மெத்தென்று இருந்தது. மறுபக்கம் ஆற்றுக் கல் போல இருந்தது.

பிறகு அவன் அறைத் தோழன் சொன்னான். தன்சீலுக்கு முந்தின வருஷ ரம்ஜானிலேயே அது தெரியும். வலிக்கவில்லை என்று விட்டுவிட்டான். அடுத்த ரம்ஜானில் இருமல் வந்தது. இருமலுக்குத்தான் டாக்டரிடம் போனான்.

அதன் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இது கிழவர்களின் நோய் இல்லை, நம் வயசுக்காரர்களைத்தான் தேடி வருகிறது. வலியில்லாத கெட்டிக் கட்டி, ஒரு பக்கம் பெருப்பது, கனம், அடிவயிற்றில் மந்தமான வலி. சிலருக்கு மார்பு தடித்து வலிக்குமாம். சோப்புப் பவுடரை மாற்ற வேண்டாம் என்று தேவகியிடம் சொல்.

மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்தபின் நானே பார்த்துக்கொள்கிறேன். தோலின் பருமனைப் பார்ப்பது போலக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாக உருட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒன்று சற்றுக் கீழே தொங்குவது இயற்கை. பின்பக்கம் கயிறு போல மெத்தென்று தட்டுப்படுவதும் இயற்கை. விரையிலேயே கெட்டியாக ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது இயற்கை இல்லை. எல்லாக் கட்டியும் அதுவாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. எது என்று உன் கையும் சொல்ல முடியாது, என் கையும் சொல்ல முடியாது. ஸ்கேன் சொல்லும். வேலூருக்குப் போ.

நயீம்


நாட்றம்பள்ளி
20 பிப்ரவரி 2025

நயீம் அகமது அவர்களுக்கு,

உங்கள் வீட்டு மய்யித்தை என் மேஜையில் கொண்டுவந்து வைத்ததற்கு நன்றி. நேற்று சாப்பிடவில்லை.

என் உடம்பைக் கழிப்பதற்கு நீ யார்? தோலுக்கு நீ கிரேடு போடு. எனக்குப் போடாதே.

இங்கே ஒருவரை விசாரித்துவிட்டேன். விரைவீக்கம், உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறது என்கிறார். “ஒரு ஊசி குத்தி தண்ணிய எடுத்துட்டா முடிஞ்சிது, சாயங்காலமே வண்டி ஓட்டலாம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். உனக்கும் தெரியாமல் முடிந்திருக்க வேண்டியது.

காசிநாதன்

நகல் இல்லை. இனி இது பற்றிக் கடிதமும் இல்லை.


ஆம்பூர்
21 பிப்ரவரி 2025

திரு. காசிநாதன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கூட்டாளி என்ற முறையில் பின்வருவதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆஃப்ரீன் தனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் பெயர் சொல்லாமல் கேட்டாள். அவர் கேட்ட முதல் கேள்வி, “ஊசி குத்திட்டாங்களா?” குத்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே பேசினாராம். அது புற்றுக்கட்டியாக இருந்தால் அந்தப் பையில் ஊசி படவே கூடாது, உள்ளே இருப்பது வேறு வழியில் பரவ இடம் கொடுத்துவிடும் என்றார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அந்த நபரிடம் போகப் போவதில்லை.

போவதாக இருந்தால், இதுவரை நகல் அனுப்பாத கடிதங்கள் எல்லாவற்றையும் ஹஸன் சாஹிபுக்கு அனுப்பும் கடமை எனக்கு வந்துவிடும். அவருக்குக் கண் மங்கல் என்பதால் கடிதங்களை அவருடைய மருமகள் சானியா வாசிப்பார். அவருக்குக் காதும் மந்தம் என்பதால் சானியா உரக்க வாசிப்பார். தினமும் ராத்திரி அவர் வீட்டுக் கூடத்தில் பாதி மார்க்கெட் டீ குடித்துக்கொண்டிருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. கொண்டைக்கடலை என்ற வார்த்தை அங்கே எப்படி ஒலிக்கும் என்று யோசித்துப் பார்க்கவும்.

திங்கட்கிழமை காலை ரஃபி அகமது தோல் ஏற்றாமல் வருவார். வண்டி வேலூர் பெரிய ஆஸ்பத்திரி வரை போகும். தேவகியும் கூட வருவார். அவருக்கு ஏற்கெனவே தெரியும். சோப்புப் பவுடரில் குற்றமில்லை என்று நிரூபிப்பதற்காக அவரே ஆஃப்ரீனிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இப்படிக்கு,
நயீம் அகமது

நகல்: இப்போதைக்கு என் சட்டைப் பையில்


வேலூர்
25 பிப்ரவரி 2025

நயீம்,

வழி முழுக்க ரஃபி அகமது தோல் விலையைப் பற்றியே பேசினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டபோது மட்டும், “ஒண்ணும் இருக்காது பாய்” என்றார். உறைகள் இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் நல்லது.

டாக்டர் பெயர் ஹெலன். பெண் டாக்டர் என்றதும் திரும்பிப் போகலாம் என்று எழுந்தேன். தேவகி என் சட்டையின் நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சொல்லுங்க, இன்னா ப்ராப்ளம்?” என்றார். இவ்வளவு படித்தவரும் ‘இன்னா’ என்றுதான் கேட்கிறார் என்பதில் கொஞ்சம் பயம் குறைந்தது.

“முதுகு வலி டாக்டர்.”

“அப்புறம்?”

“பசி கம்மியா இருக்கு.”

“வெறும் முதுகுக்கு பொண்டாட்டி கைய இப்படி புடிச்சிக்கினு வர மாட்டாங்களே. நடுவுல ஒண்ண முழுங்குறீங்க. நீங்களா சொல்றீங்களா, அவங்கள கேக்கட்டா?”

சொன்னேன். வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. பந்து பட்டதையும் சொன்னேன். “பந்து கட்டிய உண்டாக்காது. கட்டி இருக்கறத காட்டிக் கொடுத்துச்சு. நீங்கதான் அத நம்பல” என்றார். சோதித்துப் பார்க்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செலக்ஷன் மேஜையில் கை ஓரிடத்தில் நின்றதும் உன் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதே முகம்.

சின்ன வயசில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டார். குடலிறக்கத்துக்கு நடந்தது என்றேன். அதைச் சொல்லித்தானே பத்தாவது வரை டிரில் பீரியடில் உட்கார்ந்திருந்தேன். தழும்பைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார். அம்மா முதலில் மழுப்பினாள், பிறகு சொன்னாள். பிறக்கும்போது இடது விரை கீழே இறங்கவே இல்லையாம், அறுத்து இறக்கி வைத்தார்களாம். பையனுக்குப் பின்னாளில் பெண் கிடைக்காமல் போய்விடும் என்று குடலிறக்கம் ஆக்கிவிட்டாள். அப்படி இறங்காமல் இருந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு ஜாஸ்தி என்றார் ஹெலன். பண்டல் கட்டுகிற வேலை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். தண்ணீர் இல்லை, கட்டிதான். ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறார்கள். அடிவயிற்றின் ஓரத்தில் அறுத்து அந்த வழியாக எடுத்துவிடுவார்களாம். “மார்ச்ல இன்ஸ்பெக்ஷன் இருக்கு, அதுக்கப்புறம் வெச்சிக்கலாமா?” என்று கேட்டேன். டாக்டர் தேவகியைப் பார்த்தார். தேவகி என்னைப் பார்த்தாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

காசி


வேலூர்
6 மார்ச் 2025

அன்புள்ள நயீம்,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுந்து நடக்கிறேன். வார்டு ஜன்னலிலிருந்து ஒரு வேப்பமரமும் ஒரு டீக்கடையும் தெரிகின்றன. டீக்கடைக்காரர் பார்சல் டீயைத் தலைக்கு மேல் சுழற்றிக் காட்டுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கிறது.

பக்கத்துப் படுக்கையில் கணியம்பாடியைச் சேர்ந்த விவசாயி ஒருவர். உனக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன். வெட்கப்படாமல், அந்த வார்த்தையாலேயே சொன்னேன். “அது ஒண்ணு போனா இன்னாபா, இன்னொண்ணு இருக்குதே. நம்ம போர்வெல் மாரி இல்ல, ஒண்ணே போதும்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுத் தன் கிணற்றைப் பற்றி வெகுநேரம் பேசினார். டாக்டரும் ஒன்றே போதும் என்கிறார். இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்பே குழந்தைக்கு வேண்டிய விந்தணுவைச் சேமித்துவைக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். அதற்கும் லேபிள் ஒட்டி உறைய வைக்கிறார்கள். நம் ஸ்டோரைவிட ஒழுங்கு.

வயிற்றையும் நெஞ்சையும் படம் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்புக்கு முன்னால் நெறி கட்டியிருப்பதாகவும், நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருப்பதாகவும் சொன்னார்கள். முதுகுவலி நாற்காலியால் வந்தது இல்லை. மருந்து ஏற்ற வேண்டும். இந்த நோய் மருந்துக்குக் கட்டுப்படுகிற ஜாதி, இந்த நிலையிலும் பிழைப்பவர்கள் அதிகம் என்கிறார் ஹெலன். ஆயுத பூஜைக்கே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். “அப்ப இவ்ளோ பேச வேண்டியிருந்திருக்காது” என்றார்.

சாப்பாடு பரவாயில்லை. உப்பு மட்டும் கம்மி. தேவகி அந்தப் புது சோப்புப் பவுடரையே வாங்குகிறாள்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முன் நாட்றம்பள்ளிக் கிடங்கில் பண்டல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துவிடு. சிலவற்றை அவிழ்க்காமல் வந்துவிட்டேன். பச்சைக் கயிறு கட்டியவை. முத்துமாரியைக் கேட்டால் காட்டுவாள். மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

காசி

நகல்: ஹஸன் சாஹிப் (அனுப்பினாலும் பரவாயில்லை, சானியா உரக்கவே படிக்கட்டும்)


வேலூர், ஆஸ்பத்திரி வராந்தா
7 மார்ச் 2025

காசி,

கடிதத்தை மேலிருந்தும் படிக்கவில்லை, கீழிருந்தும் படிக்கவில்லை.

ராத்திரியே உன் கடிதத்தோடு ஹஸன் சாஹிப் வீட்டுக்குப் போனேன். தீர்ப்பை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. சானியா நுரையீரல் பத்தி வரை வந்ததும் நிறுத்திவிட்டாள். “ஏன் நிறுத்துற? கேக்குது, படி” என்றார் அவர். அவள் படிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள், அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது. “நாளைக்கே நேர்ல போய்ப் பாரு” என்று அவரே சொல்லிவிட்டார். கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இளவட்டங்கள் இரண்டு பேர் க்ளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே போனார்கள். அவர்களும் எங்கேயோ எதையோ நடுவில் வைத்திருக்கிறார்கள் போல.

பச்சைக் கயிற்றை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தச் சீட்டை நர்ஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். அந்தப் படத்தை எடுத்து வை. நுரையீரல் என்றால் எந்த இடம், எத்தனை, எவ்வளவு பெரிது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். ‘சின்னச் சின்ன’ என்று நீ எழுதினால் எனக்கு நம்பிக்கை வராது.

இதற்கு எழுத்தில் பதில் வேண்டாம். கதவுப் பக்கம் திரும்பிப் பார்.

நயீம்